இரைச்சல் எட்டு

எங்கள் அப்பாவிடம் எதைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டாலும் எண்ணில்தான் பதில் வரும். கல்யாணமான புதிதில் அம்மா நீல நிறத்தில் ஒரு புது உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, ஏற இறங்கப் பார்த்துவிட்டு "நாலு" என்றாராம்.

"எத்தனைக்கு நாலு?" என்று கேட்டிருக்கிறாள் அம்மா.

"ஒன்பதுக்கு."

அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அது திமிர் இல்லை, ரேடியோ வழக்கம். அப்பா ஓர் அமெச்சூர் ரேடியோக்காரர். லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே சொந்த டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கிற முன்பின் தெரியாத ஆட்களோடு புள்ளியும் கோடுமாக மோர்ஸ் தட்டிப் பேசுகிற கூட்டம் அது. அவர்கள் சந்தித்ததும் முதலில் சொல்லிக்கொள்வது நலம் விசாரிப்பு அல்ல, ரிப்போர்ட். உன் சிக்னல் எனக்கு எவ்வளவு புரிகிறது என்பதற்கு ஐந்துக்கு ஓர் எண். எவ்வளவு பலமாக வருகிறது என்பதற்கு ஒன்பதுக்கு ஓர் எண். முக்கால்வாசிப் பேர் காதில் விழுந்தும் விழாமலும் "ஐந்து, ஒன்பது" என்று தாராளமாக அள்ளி விடுவார்கள். மொய்க்கு மொய் மாதிரி, நீ எனக்குக் கொடு, நான் உனக்குக் கொடுக்கிறேன். அப்பாவுக்கு அது அறவே பிடிக்காது. மீட்டர் முள் எங்கே நிற்கிறதோ அந்த எண்தான். அதோடு, எங்கள் வீட்டு வழக்கமாக மூன்றாவது எண் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: இங்கே இரைச்சல் எவ்வளவு என்பது.

இந்தப் பைத்தியத்தில் அவருக்குக் கூட்டாளி அவருடைய அக்கா, என் அத்தை. சின்ன வயதில் ரெண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டித் தட்டியே மோர்ஸ் படித்தவர்கள். பெரியவர்களைப் பற்றி அவர்கள் முன்னாலேயே புறம் பேசுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. அத்தை கோர்ட்டில் டைப்பிஸ்ட் ஆனாள், அப்பா லிஃப்ட் மெக்கானிக் ஆனார், அவரவருக்குக் கல்யாணம் ஆகி ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஆனால் தினமும் காலையில், வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், ரெண்டு பேரும் மோர்ஸ் தட்டுகிற கீயின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருமுறை அப்பா மாதக்கணக்கில் உழைத்துப் புதிதாக ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்து, பெருமையோடு அத்தையைக் கூப்பிட்டார். அத்தை "மூன்று" என்று ரிப்போர்ட் கொடுத்தாள். அப்பாவுக்கு வந்ததே கோபம். உலகத்தில் உள்ள அத்தனை பேரோடும் பேசினார், அக்காவோடு மட்டும் பேசவில்லை. கடைசியில் பார்த்தால் உள்ளே ஒரு கம்பி சரியாகப் பற்றவைக்கப்படாமல் ஆடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ரெண்டு பேருக்கும் ஓர் எழுதாத ஒப்பந்தம்: யாருக்கு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், நமக்குள் ரிப்போர்ட்டில் பொய் கூடாது.

எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். காதால் கேட்டால் புரியும். ஆனால் அனுப்பும்போது எட்டையும் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவேன். எட்டு என்றால் மூன்று கோடு, இரண்டு புள்ளி. இரண்டு என்றால் இரண்டு புள்ளி, மூன்று கோடு. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. அத்தை அங்கிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். மோர்ஸில் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு. என்னுடையது நொண்டிக் கை என்பாள். "நொண்டிக் கை வந்துடுச்சா?" என்று அவள் கேட்டுக் கேட்டே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்து, கீயைத் தொடுவதையே விட்டேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது அம்மா வழி.

அம்மாவுக்கு ரேடியோ ஆகவே ஆகாது. அதற்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. "வீட்டுக்காரர் எங்கே?" என்று யாராவது கேட்டால், "சக்களத்தி வீட்ல" என்று உள்ளறையைக் காட்டுவாள். செருப்புக் கடையில் நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்த்துவிட்டு வந்து, மொட்டைமாடி ஏரியல் கம்பியில் துணி காயப்போட்டு, அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். மறுநாளும் அதிலேதான் காயப்போடுவாள்.

அத்தைக்கு வயதாக ஆகக் காது போயிற்று. சத்தம் கேட்கும், பேச்சு புரியாது. வார்த்தைகள் எல்லாம் குழைந்துபோன சோறு மாதிரி இருக்கிறது என்பாள். டெலிபோன் அவளுக்கு வெறும் பொம்மை ஆகிவிட்டது. அதற்கப்புறம் கண்ணும் மங்கிற்று. கடிதம் படிக்க முடியாது. அத்தையின் மகன், எனக்கு அத்தான், ஒரு பலகையில் சாக்பீஸால் பெரிது பெரிதாக எழுதிக் காட்டுவார். பலகையில் எழுதுவது எத்தனை பாடு! அதனால் அந்த வீட்டில் அவளிடம் எல்லோரும் கேட்டது மூன்றே கேள்விகள்: சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, பாத்ரூம் போகணுமா.

ஆனால் மோர்ஸ் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அது பேச்சில்லையே, ஒற்றைச் சுரம்தானே. சுரத்தைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் தாளின் மேல் ரெண்டு விரலை வைத்துக்கொள்வாள். பாதி காதிலும் பாதி விரலிலும் வாங்கிக்கொள்வாள். காலையில் அந்த அரை மணி நேரம்தான் அவள் முழு மனுஷியாக இருந்தாள். மருமகளைப் பற்றிப் புகார், பழைய ஜட்ஜுகளைப் பற்றி வம்பு, அப்பாவின் கை வேகம் குறைந்துவிட்டது என்று கிண்டல், எல்லாம் வெள்ளமாக வரும். அப்பா சிரித்துக்கொண்டே தட்டுவார். உள்ளறையில் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்தால் தெரியாதவர்கள் பயந்துபோவார்கள்.

அப்போதுதான் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிற்று.

நுரையீரல் தடித்துக்கொண்டே வருகிறது, திருப்ப முடியாது, தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். ஓர் ஆக்ஸிஜன் மெஷின் வீட்டுக்கு வந்தது. சின்ன பீரோ உயரம், அடியில் சக்கரம், மூக்குக்கு ஒரு குழாய். ராப்பகலாக ஓட வேண்டும். அது ஓடத் தொடங்கிய மறுநாள் காலை அப்பா வழக்கம்போல ஹெட்போனை மாட்டினார். உடனே கழற்றினார். மறுபடி மாட்டினார். என்னைக் கூப்பிட்டு என் காதில் வைத்தார். அந்த மெஷினின் மின்சாரம் ரேடியோவில் புகுந்து, மாவு மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி ஒரே இரைச்சல். முள் எட்டில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. வழக்கமாக அது இரண்டில் இருக்கும். அத்தையின் சிக்னல் நல்ல நாளிலேயே நாலு.

அம்மா படுக்கையிலிருந்து சொன்னாள். "என் மெஷினுக்கும் உங்க மெஷினுக்கும் ஆகலையா? சக்களத்தி சண்டைன்னா சும்மாவா!"

அப்பா அடுத்த சில வாரங்கள் தலைகீழாக நின்று பார்த்தார். மெஷினின் வயரை இரும்பு வளையங்களில் சுற்றினார். ஏரியலைக் கிழக்கே நகர்த்தினார், மேற்கே நகர்த்தினார். பேட்டரியோடு ரிசீவரை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார், அங்கேயும் முள் ஆறில் நின்றது. அங்கே உட்கார்ந்தாலும் அம்மா படுக்கையிலிருந்து மணியடித்தால் காதில் விழாது. ரேடியோ சினேகிதர் வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றால், நான் அச்சகத்துக்கு வேலைக்குப் போன பிறகு அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? மெஷின் கொடுத்த கடைக்காரரை வரவழைத்தார். அவர் வந்து, மூடியைத் திறந்து, ஊதிவிட்டு, மூடினார்.

"மெஷின் நல்லாத்தானே ஓடுது சார். அம்மாவுக்கு மூச்சு வருதுல்ல?"

"வருது."

"அப்புறம் என்ன சார்?"

கடைக்காரர் வேறொரு மெஷினும் மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். அது ஒன்பது. பழையதையே திருப்பி வாங்கிக்கொண்டோம். ஆயுள் முழுக்க மற்றவர்கள் சிக்கிக்கொண்ட லிஃப்டைத் திறந்துவிட்ட மனிதர், தன் வீட்டில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, கோபமும் வந்தது. யாரிடம் காட்டுவது என்று தெரியாத கோபம்.

அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். கேட்கத்தானே முடியவில்லை, அனுப்ப முடியுமே. தினமும் அதே நேரத்துக்கு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். "அக்கா, இரைச்சல் எட்டு. நீ பேசறது எனக்குக் கேக்கலை. நான் பேசறேன், நீ கேளு." அம்மாவுக்கு எப்படி இருக்கிறது, நான் யாரோடு சண்டை போட்டேன், வானம் எப்படி இருக்கிறது என்று அரை மணி நேரம் அனுப்புவார். அங்கே அத்தை விரலை வைத்துக் கேட்பாள்.

சிக்கல் என்னவென்றால், அத்தை கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அத்தான் டெலிபோன் செய்தார்.

"மாமா முடிச்சப்புறம் அம்மா ஒரு மணி நேரம் தட்டிக்கிட்டே இருக்காங்க. அவருக்கு அது கேக்குதா?"

நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவைக் கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"கேக்குதுன்னு தட்டிடுங்களேன்பா. என்ன குடி முழுகிப்போயிடும்? கெழவிக்கு ஒரு சந்தோஷம்."

"பொய் ரிப்போர்ட் குடுக்கச் சொல்றியா?"

"ஆமா, குடுங்கன்னுதான் சொல்றேன். ஊரே குடுக்குது!"

"ஊருக்குக் குடுப்பேன். அக்காவுக்குக் குடுக்க மாட்டேன்."

இந்த வறட்டு நேர்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் கத்திவிட்டு வேலைக்குப் போனேன். ஆனால் நாள் முழுக்க அதே நினைப்பு. காதும் கண்ணும் போன ஒருத்தி, கேட்காது என்று தெரிந்தே, தினமும் பேசிக்கொண்டிருக்கிறாள். அப்படி என்னதான் பேசுகிறாள்?

அம்மாதான் வழி சொன்னாள். மின்சாரம் போனால் இருக்கட்டும் என்று ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர் மூலையில் நின்றது. அரை மணி நேரத்துக்குத் தாங்கும். "அதைத் திறந்து குழாயை அதில மாட்டிட்டு, மெஷினை அணைங்க. ஒரு நாள் பேசுங்க. நான் ஒண்ணும் செத்துப்போயிட மாட்டேன்."

"வேணாம்."

"என்னங்க, எனக்காகக் கேக்கறேன். அவங்க அங்க தனியாத் தட்டிக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சா எனக்கு இன்னும் மூச்சு வாங்குது."

அப்பா சிலிண்டரைத் திறந்தார், மெஷினை அணைத்தார். நான் அச்சகத்துக்குக் கிளம்பும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தார். முள் இரண்டுக்கு இறங்கியது. அத்தையைக் கூப்பிட்டு, "இரைச்சல் இரண்டு" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் வெகு நாளாகப் பார்க்கவில்லை.

பாதி வழியில் சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டது நினைவுக்கு வந்து திரும்பினேன். நல்ல வேளை என்று சொல்வதா, என்ன சொல்வது? வீட்டில் ஒரே நிசப்தம். உள்ளறையில் அப்பா ஹெட்போனோடு, கண்ணை மூடிக்கொண்டு, சிரித்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் அம்மா உட்கார்ந்த நிலையில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மணி கீழே விழுந்து கிடந்தது. சிலிண்டரின் முள் அடிமட்டத்தில். அக்காவும் தம்பியும் இத்தனை நாள் பேச்சையும் ஒரே மூச்சில் பேசியதில் அரை மணி எப்போது போனது என்று அவருக்குத் தெரியவில்லை.

மெஷினைப் போட்டேன். அந்த நொடியே அப்பாவின் காதில் இரைச்சல் வெடித்திருக்க வேண்டும். ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடி வந்தார். அம்மாவுக்கு மூச்சு திரும்பியதும் முதலில் சொன்னது, "ரிப்போர்ட் எவ்வளவு வந்துச்சு?" என்பதுதான். அப்பா தரையில் உட்கார்ந்து அழுதார். நான் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது.

மறுநாள் அவர் நடந்ததை ஒளிக்காமல் அத்தைக்கு அனுப்பினார். பதில் கேட்காது என்பதால் அத்தானை அருகில் இருக்கச் சொல்லியிருந்தார். அத்தான் டெலிபோனில் சொன்னார்: "அம்மா ரொம்ப அழறாங்க மாமா. எனக்காக இன்னொரு தரம் அந்த மெஷினை அணைச்சே, நீ என் தம்பியே இல்லைன்னு சொல்லச் சொல்றாங்க. சத்தியம் பண்ணணுமாம்." அப்பா கீயில் உட்கார்ந்து சத்தியம் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மெஷின் நிற்கவில்லை. தினமும் காலையில் "அக்கா, இரைச்சல் எட்டு" என்று தொடங்குவார். அத்தைக்கு அதுவே நல்ல செய்தி. எட்டு என்றால் அவள் தம்பி பெண்டாட்டி மூச்சுவிடுகிறாள்.

அம்மா மெலிந்துகொண்டே போனாள். ஒரு நாள் சாயங்காலம் அப்பா அவளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"என்னங்க, இன்னிக்கு நான் எப்படி இருக்கேன்? ரிப்போர்ட் குடுங்க."

"நல்லா இருக்கே."

"எண் சொல்லுங்க."

அப்பா சீப்பிலிருந்த முடியை எடுத்துக்கொண்டே இருந்தார். அம்மா "நீலத்துக்கு நாலு குடுத்த ஆளாச்சே" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், குழாய் மூக்கில் இருக்கும்போதே, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அம்மா போய்விட்டாள். மெஷினை நான்தான் அணைத்தேன்.

மறுநாள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அத்தானுக்குச் சொன்னோம். அவர் எதிர்முனையில் விம்மினார். "பலகையில எப்படி எழுதிக் காட்டுவேன்? சாக்பீஸால எழுதற சேதியா இது? என்னால முடியாது மாமா. காலையில நீங்களே சொல்லிடுங்க." அப்பா சரி என்றார்.

மறுநாள் காலை அவர் உள்ளறையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். ஹெட்போன் வேண்டாம் என்று ஸ்பீக்கரைப் போட்டார். அறை அவ்வளவு அமைதி. முள் இரண்டு.

நாங்கள் தொடங்குவதற்குள் அத்தை வந்துவிட்டாள். நேற்று தம்பி வரவில்லை என்று அவளே கூப்பிட்டுவிட்டாள் போலிருக்கிறது. கண்ணாடி மாதிரி, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக வந்தது. கேட்காத ஆளிடம் பேசுகிற பேச்சு. "உனக்குக் கேக்காதுன்னு தெரியும்டா. இருந்தாலும் சொல்றேன். நேத்து நீ வரலை. உடம்பு சரியில்லையா? இங்க மழை. சாப்பாட்டுல உப்பு இல்லை. அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருக்கேன், கண்ணு தெரியாம ரெண்டு கை ரெண்டு நீளமா வந்திருக்கு, சிரிப்பா. தம்பி, நான் தினமும் சொல்றதுதான். மெஷினை அணைச்சுடாதே. எனக்காக அணைச்சுடாதே."

தினமும் சொல்லியிருக்கிறாள். இத்தனை மாதமாக ஒரு மணி நேரம் அவள் தட்டியதன் முடிவில் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். அது எங்களுக்குக் கேட்டது அன்றுதான்.

அப்பா கீயின் மேல் கையை வைத்தார். வழக்கம்போல முதலில் ரிப்போர்ட். தெளிவு ஐந்து. பலம் நாலு. அடுத்தது இரைச்சல். அவர் கை நின்றது.

"எட்டுன்னு போட்டுடுங்கப்பா," என்றேன். "இன்னிக்கு ஒரு நாள். நாளைக்குச் சொல்லிக்கலாம்."

அவர் முள்ளைப் பார்த்தார். பிறகு அனுப்பினார். இரண்டு புள்ளி, மூன்று கோடு.

ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. அங்கே ஒரு கிழவி விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாக வந்தது: "இரைச்சல் மறுபடி சொல்லு."

அப்பா மறுபடி அனுப்பினார். இரண்டு.

"எட்டைத் திருப்பிப் போட்டுட்டியா? மறுபடி."

அப்பா கீயின் மேல் விரலை வைத்தார். விரல் அழுந்தவில்லை. இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு வயதான முகத்தை அதற்கு முன் நான் அவரிடம் பார்த்ததில்லை.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கீயை வாங்கிக்கொண்டேன். அந்த ஓர் எண்ணை நான் எப்போதுமே தப்பாகத்தான் அனுப்பியிருக்கிறேன். இரண்டு புள்ளி. மூன்று கோடு. நொண்டி நொண்டித்தான் போயிற்று, ஆனால் சரியாகப் போயிற்று.

என் கை அத்தைக்குத் தெரியும்; அப்பா இருக்கும்போது அது ஏன் கீயைத் தொட்டது என்பதும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.